மூவாயிரம் ரூபாய்ச் சட்டை ஐந்து மடங்கு உழைக்குமா?

கேட்டவர்: செங்கை பயணி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சேரும்போது தியாகராய நகரில் ஒரே நாளில் எட்டு முழுக்கைச் சட்டைகளை வாங்கினேன். ஒவ்வொன்றும் 600 ரூபாய். அவற்றுள் ஐந்தை இன்று அலுவலகத்துக்கு அணிந்து செல்ல இயலாது. மூன்றில் காலரின் மடிப்பு விளிம்பு நைந்து உள்ளிருக்கும் வெள்ளைத் துணி தெரிகிறது. ஒன்றில் காலர் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. இன்னொன்று வலது அக்குளில், தையலை ஒட்டிக் கிழிந்துவிட்டது.

என் அன்றாடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது விடையை மாற்றக்கூடும். வாரத்தில் ஆறு நாள் வேலை. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் பெரும்பாலும் நின்றுகொண்டே வருகிறேன். தோளில் கணினிப் பை தொங்கும். மாம்பலத்தில் இறங்கும்போது முதுகு நனைந்திருக்கும். துவைப்பது எந்திரத்தில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். இஸ்திரி தெருமுனை வண்டியில், கரிப் பெட்டியில்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் 3,000 ரூபாய்க்குக் குறைந்த சட்டையை வாங்குவதில்லை. "நான்கே நான்கு நல்ல சட்டைகளை வாங்குங்கள், ஐந்து ஆண்டுகளுக்குக் கவலை இருக்காது, துணியையும் முதலீடாகப் பாருங்கள்" என்கிறார். என் தந்தையோ, கழுத்தில் அழுக்கேறப் போகும் பொருளுக்கு இவ்வளவு பணமா என்று கேட்கிறார். என்னிடம் இதற்காக 12,000 ரூபாய் இருக்கிறது. மூத்தவர் சொல்வது கணக்குப்படி உண்மைதானா? அதைவிட முக்கியமாக, விலைச்சீட்டைப் பார்க்காமல் ஒரு சட்டையின் தரத்தைக் கடையிலேயே கண்டுகொள்ள வழி உண்டா?

மறுமொழி: பழைய ஆலைக்காரர்

நூலைப் போல சேலை என்பது சட்டைக்கும் பொருந்தும். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் 22 ஆண்டுகள் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் என்பதால், துணியின் ஆயுள் தொடங்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தையலைப் பற்றித் தையற்காரர் எவரேனும் எழுதட்டும்.

பருத்தி இழை எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு நூலில் இழைமுனைகள் குறையும். குட்டை இழைகள் மிகுந்த நூலில் அவற்றின் முனைகள் முறுக்குக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்தில் காலர் உரசும் இடத்திலும் பையின் வார் அழுத்தும் தோளிலும் முதலில் கழன்று வருபவை அவையே. ஆகவே நல்ல நூலுக்குப் பஞ்சைத் தலைவாருவது போல் எந்திரத்தில் வாரிக் குட்டை இழைகளை நீக்குவார்கள். இப்படி வாரியதைக் கோம்டு நூல் என்றும், வாராமல் நூற்றதைக் கார்டட் நூல் என்றும் ஆலையில் சொல்வோம். வாரும்போது பஞ்சின் எடையில் எட்டில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை கழிவாகப் போய்விடும். அந்தக் கழிவின் விலையும் உங்கள் சட்டையின் விலையில் சேர்ந்திருக்கிறது என்றாலும், கொடுத்த காசுக்கு உழைப்பைத் திருப்பித் தரும் செலவு அது.

அடுத்தது நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 அடங்கும் என்பது பொருள். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். கடைகளில் 80, 100, 120 என்று நம்பரைச் சொல்லிச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். கேட்பவரும் எண் பெரிதானால் ஆயுளும் பெரிது என்று எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. 100-ஆம் நம்பர் ஒற்றை நூலில் நெய்த துணி வழுவழுப்பாக இருக்கும், உடலில் மென்மையாக விழும், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவருக்கு அழகாகப் பொருந்தும். நின்றுகொண்டு வரும் ரயில் பயணத்தையும் கணினிப் பையையும் அது நெடுநாள் தாங்காது. இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல் மட்டும் இதற்கு விலக்கு. 2/80 என்று எழுதியிருந்தால், 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று கொள்ளுங்கள். தடிமனில் அது 40-ஆம் நம்பருக்கு இணையாக இருக்கும். சீரிலும் வலுவிலும் அதைவிட ஒரு படி மேலாக இருக்கும். உங்கள் அன்றாடத்துக்கு 40 முதல் 60 வரையிலான ஒற்றைக் கோம்டு நூலோ, 2/80-ஓ தாராளமாகப் போதும்.

எகிப்தியப் பருத்தி என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். அந்தப் பெயரில் விற்ற படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி கலந்திருந்தது 2016-இல் தெரியவந்து, அமெரிக்காவின் பெருங்கடைகளுள் ஒன்று அவற்றை அலமாரியிலிருந்து எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. உலகின் மிக நீளமான இழை கொண்ட பருத்திகளுள் ஒன்றான சுவின் நம் கோயம்புத்தூரிலேயே 1974-இல் உருவாக்கி வெளியிடப்பட்டது. சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்ததால் இரண்டின் பெயரிலிருந்தும் எழுத்துகளை எடுத்து அப்படிப் பெயரிட்டார்கள். வயலில் நீண்ட நாள் நிற்கும் பயிர் என்பதால் இன்று அதை விளைவிப்பவர்கள் மிகச் சிலரே. ஆலையில் அந்தப் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை, விட்டுவிடுகிறேன்.

கடையில் என்ன செய்யலாம்? தடவிப் பார்த்து வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். விரலுக்குக் கிடைக்கும் வழுவழுப்பில் பெரும்பகுதி கடைசியில் ஏற்றிய சிலிக்கோன் மென்மையூட்டியால் வருவது. சில சலவைகளில் அது போய்விடும். மாறாக, துணியை ஒற்றைப் படலமாக வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல்கள் சீரான இடைவெளியில் தெரிந்தால் நல்லது. சில இடங்களில் அடர்ந்தும் சில இடங்களில் மேகம்போல் கலைந்தும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பிறகு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் பத்து முறை தேயுங்கள். அடர்நிறச் சட்டை கைக்குட்டையில் சாயத்தை விட்டால், வீட்டில் மற்ற துணிகளிலும் விடும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இன்னொன்று. பாலியெஸ்டர் கலந்த துணி என்றாலே தரக்குறைவு என்று பலர் எழுதுகிறார்கள். நாற்பது விழுக்காடு பாலியெஸ்டர் கலந்த சட்டை காலரில் தூய பருத்தியைவிட நாள்கடந்தே நையும். வியர்வை நாற்றத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் உங்கள் பயணத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆயுள் குறைவு என்பதால் அன்று.

மறுமொழி: கும்பகோணம் தையலகம்

என் தந்தையும் நானுமாக ஐம்பது ஆண்டுகளாகச் சட்டை தைத்து வருகிறோம். ஆலைக்காரர் ஐயா நூலைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்களுடைய ஐந்து சட்டைகளில் இரண்டைக் கெடுத்தது நூலன்று என்பதை நீங்கள் எழுதியதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

காலரில் கொப்புளம் வந்ததற்குக் காரணம், அது விறைப்பாக நிற்க உள்ளே வைத்த கேன்வாஸ் துணி. ஆயத்த ஆடைகளில் அதைப் பசையாலும் சூட்டாலும் துணியோடு ஒட்டிவிடுகிறார்கள். துவைக்கும்போது துணி ஓரளவு சுருங்குகிறது, கேன்வாஸ் வேறோர் அளவு சுருங்குகிறது. மலிவான பசை அந்த இழுபறியைத் தாங்காமல் அங்கங்கே விட்டுப்போகிறது. கரிப் பெட்டியின் சூட்டுக்கு அளவு கிடையாது என்பதால் அது இதை விரைவுபடுத்தும். கடையில் காலரை இரு விரல்களால் பிடித்து மேல்துணியையும் உள்துணியையும் எதிரெதிராகத் தேய்த்துப் பாருங்கள். மொடமொடவென்று அட்டைபோல் இருந்து, மடித்தால் கோடு விழுகிறதென்றால் அந்தக் காலர் ஓர் ஆண்டுகூடத் தாங்காது.

அக்குளில் கிழிந்ததற்குக் காரணம் அளவு. நீங்கள் ஒரு கையை உயர்த்திக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறீர்கள். வலது அக்குள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயத்தச் சட்டை பல உடல்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகக் கைக்குழியைத் தாழ்வாக வெட்டுவார்கள். கையை உயர்த்தினால் சட்டையின் பக்கவாட்டுத் துணி முழுவதும் மேலே இழுபட்டு, அந்த இழுவை ஒரே புள்ளியில் போய் நிற்கும். 3,000 ரூபாய்ச் சட்டையும் இதே வெட்டில் இருந்தால் இதே இடத்தில்தான் கிழியும். கைக்குழியைச் சற்று உயர்த்தி, முதுகில் இரு மடிப்பு வைத்துத் தைத்தால் கை தனியாக உயரும், சட்டை அசையாது.

கடையில் பார்க்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். சட்டையை உள்புறமாகத் திருப்புங்கள். வெளிப்புறத்தை நம்பி வாங்குபவர்களே மிகுதி. பக்கத் தையலில் துணியின் விளிம்பு தெரியாதபடி மடித்து இரண்டு வரிசை தைத்திருந்தால் அது உழைக்கும். மடிக்காமல் விளிம்பைச் சுற்றி வெறும் ஓவர்லாக் தையல் அடித்து விட்டிருந்தால், எந்திரத் துவைப்பில் அந்த நூல் ஒருநாள் அவிழும். பையில் சிறு அளவுகோல் இருந்தால் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். மலிவுச் சட்டைகளில் நான் எண்ணிய வரையில் 9 அல்லது 10 இருக்கும். 16-க்கு மேல் இருந்தால் தைத்தவர் பொழுதைச் செலவிட்டிருக்கிறார் என்று பொருள். கோடு போட்ட சட்டையில் மார்புப் பையின் கோடுகளும் உடலின் கோடுகளும் ஒன்றோடொன்று சேருகின்றனவா என்று பாருங்கள். இது அழகுக்காக மட்டும் பார்ப்பதன்று. துணியை மிச்சம் பிடிக்க வெட்டினார்களா, சட்டைக்காக வெட்டினார்களா என்பதை அந்த ஓரிடம் சொல்லிவிடும்.

உங்களுக்கு என் பரிந்துரை, துணி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். 58 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும் என்பார்கள், நீங்கள் 1.80 எடுங்கள். கூடுதலான துணியைத் தையற்காரரிடம் கேட்டு வாங்கி, அதையும் சட்டையோடு சேர்த்தே இரண்டு முறை துவைத்து எடுத்து வையுங்கள். காலர் நையும் நாளில் அதே துணியில் புதுக் காலர் வைக்கலாம். அதற்கு முன்பு காலரைத் திருப்பித் தைக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு வரும் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் செய்தது அதுதான்: நைந்த மடிப்புப் பக்கத்தைப் பிரித்து அடியில் போட்டு, நையாத அடிப்பக்கத்தை மேலே கொண்டுவந்து தைப்போம். இன்று ஆண்டுக்கு நான்கு பேர் கேட்டால் அதிகம். உங்களிடம் நைந்து கிடக்கும் மூன்று சட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

மறுமொழி: பேரேடு

நீங்கள் தணிக்கைத் துறையில் இருப்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

மாதத்துக்கு 25 நாள் வீதம் பதினான்கு மாதங்களுக்கு 350 நாள். எட்டுச் சட்டைகள் என்பதால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 45 முறை அணிந்திருக்கிறீர்கள். 600-ஐ 45-ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு 13 ரூபாய் 30 காசு. அதே செலவில் 3,000 ரூபாய்ச் சட்டை ஈடுகட்ட வேண்டுமென்றால் அதை 225 முறை அணிந்தாக வேண்டும். உங்கள் தண்ணீரிலும் உங்கள் தெருமுனைக் கரிப்பெட்டியிலும் ஒரு மென்மையான சட்டை 225 சலவைகளைத் தாண்டும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். 1,400 ரூபாய்ச் சட்டை 105 முறை தாங்கினாலே ஈடாகிவிடும், அது நடக்கக்கூடியது.

மூத்தவரின் ஐந்து ஆண்டுக் கணக்கை நான் பொய் என்று சொல்லவில்லை. அவரது அலமாரியில் எத்தனை சட்டைகள் தொங்குகின்றன என்று கேட்டீர்களா? இருபது சட்டை வைத்திருப்பவர் ஆண்டுக்கு 300 நாள் அலுவலகம் சென்றால் ஒவ்வொன்றையும் 15 முறைதான் அணிவார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அது 75 முறைதான். நீங்கள் நான்கு சட்டைகளோடு இருந்தால் முதல் ஆண்டிலேயே அந்த எழுபத்தைந்தை எட்டிவிடுவீர்கள். சட்டைக்கு ஆண்டு தெரியாது, சலவை எண்ணிக்கைதான் தெரியும். மேலும், ஐப்பசி மழையில் துணி காயாமல் கிடக்கும் வாரத்தில் நான்கு சட்டைகளை வைத்துக்கொண்டு ஆறு நாள் அலுவலகம் போவது எப்படி என்றும் அவரிடம் கேளுங்கள்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு இஸ்திரி. என் தெருவில் சட்டைக்கு 12 ரூபாய் வாங்குகிறார்கள். நூறு முறை என்றால் 1,200 ரூபாய், அதாவது ஒரு நல்ல சட்டையின் விலை. ஆகவே தொங்கவிட்டுக் காயவைத்தாலே பெரும்பாலும் நேராகிவிடும் நெசவை, கொஞ்சம் கனமாக இருந்தாலும், தேர்ந்தெடுப்பது நூலின் நம்பரைவிட உங்கள் பணத்தைக் கூடுதலாகக் காப்பாற்றும். லினன் பக்கம் போக வேண்டாம். அதற்கு நாள்தோறும் கஞ்சியும் இஸ்திரியும் கேட்கும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. மிகுந்தால் 18 விழுக்காடு. 2,500 ரூபாய் மதிப்புள்ள சட்டை வரியோடு 2,625-க்குக் கிடைக்கும். 2,600 மதிப்புள்ளது 3,068 ஆகிவிடும். நூறு ரூபாய்த் துணி வேறுபாட்டுக்கு நீங்கள் 443 ரூபாய் கூடுதலாகத் தருகிறீர்கள். மூவாயிரத்தை ஒட்டிய விலையில் சட்டை வாங்குவது, தரத்தைப் பற்றிய எந்தக் கருத்து உடையவருக்கும், மிக மோசமான இடத்தில் வாங்குவதாகும்.

மறுமொழி: காஞ்சி மருமகள்

பேரேடு அவர்களின் கணக்கு சட்டைக்குச் சரி. ஆனால் விலை மிகுந்த துணி எதுவும் வீண் என்று இந்த உரையாடல் போய் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு 1984-இல் திருமணத்துக்கு எடுத்த அரக்கு நிறக் கோர்வைப் பட்டு இன்று என்னிடம் இருக்கிறது. அன்று 1,800 ரூபாய் என்பார். குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் நாடாவை உடலுக்கு ஒன்று, கரைகளுக்குத் தனித் தனி என்று போட்டு, வரிக்கு வரி இரண்டையும் கோத்து நெய்வதுதான் கோர்வை. தறியில் நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் அமர வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சேலையின் கரை உடலை விட்டு விலகவில்லை, சரிகை கறுக்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் தாங்கியது என்று யோசித்தால், நூலும் நெசவும் ஒரு காரணம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் உடுத்தினோம் என்பது இன்னொரு காரணம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேலைக்குக் காலர் இல்லை, கைக்குழி இல்லை, அளவும் இல்லை. தையற்காரர் சொன்ன சாகும் இடங்கள் எதுவும் அதில் கிடையாது. அவர் உயரம் வேறு, என் உயரம் வேறு. கொசுவத்தை மாற்றினால் தீர்ந்தது. வேட்டிக்கும் இதுவே பொருந்தும். அளவு பார்க்காத துணிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் தயங்காமல் செய்வேன்.

முதலீடு என்ற சொல்லை மட்டும் ஏற்கமாட்டேன். நம் வீடுகளில் மறுவிலை உள்ள ஆடை ஒன்றே ஒன்றுதான், அசல் சரிகைப் பட்டு. அதையும் பழைய பட்டு வாங்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சரிகையிலுள்ள வெள்ளிக்குத்தான் விலை போடுவார்கள். நெசவாளரின் கைவேலைக்கு அங்கே ஒரு காசும் கிடையாது. பட்டு என்பதற்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஆனால் அது பட்டு நூலுக்கான உறுதிதான், சரிகைக்கானதன்று. சரிகையைக் காஞ்சிபுரத்தில் எந்திரத்தில் வைத்துச் சோதித்துச் சொல்வார்கள். பெருந்தொகை கொடுப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கம்பியில் தொங்கவிடாமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எவ்வளவு நல்ல பட்டும் அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். என் நாத்தனாரின் சேலை அப்படித்தான் போயிற்று.

மறுமொழி: காதர்பேட்டை

இருவகை அனுபவம் எனக்கு. 2019-இல் என் திருமணத்தை ஒட்டி விலையுயர்ந்த சட்டைகள் ஆறு வாங்கினேன்; இரண்டு ஆண்டுகளுக்குள் வயிறு முன்னே வந்துவிட்டது. இன்றும் அவை புத்தம் புதியவையாகவே அலமாரியில் இருக்கின்றன. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் உடல் மாறாதவர் மட்டும் ஐந்து ஆண்டுத் திட்டம் போடலாம்.

திருப்பூர்க்காரன் என்ற முறையில் இன்னொன்று. உள்ளே பனியன் அணிகிறீர்களா? இப்போதைய இளைஞர்கள் பலர் அணிவதில்லை. கையுள்ள பருத்திப் பனியன் ஒன்று அக்குள் வியர்வையையும் முதுகு வியர்வையையும் தான் வாங்கிக்கொண்டு சட்டையைக் காப்பாற்றும். பனியனை நாள்தோறும் கசக்கலாம், இஸ்திரி வேண்டாம். சட்டைக்கு ஆயிரம் கூட்டுவதற்கு முன் பனியனுக்கு நூறு கூட்டிப் பாருங்கள்.

கேட்டவர்: செங்கை பயணி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி.

அலுவலக மூத்தவரிடம் அலமாரிக் கணக்கைக் கேட்டேன். சிரித்துவிட்டு, எண்ணிப் பார்த்ததில்லை என்றார். அவர் காரில் வருபவர் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2/80 துணி ஐந்து சட்டைகளுக்கு எடுத்தேன், ஒவ்வொன்றும் 1.80 மீட்டர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில், விலை கூடிய இரண்டு துணிகள் மேகம்போல் தெரிந்தன என்பதையும், நடுத்தர விலையில் இருந்த ஒன்று சீராகத் தெரிந்தது என்பதையும் ஆலைக்காரர் ஐயாவுக்குத் தெரிவிக்கிறேன். தையலோடு சேர்த்துச் சட்டைக்கு 1,350 ரூபாய் ஆயிற்று. மீதிப் பணத்தில் பனியன்கள் ஆறு வாங்கினேன். எஞ்சியதைத் தந்தையிடமே கொடுத்துவிட்டேன்.

நைந்த சட்டைகளில் ஒன்றை மட்டும் காலர் திருப்பக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கும் தையற்காரர் பெரியவர் முதலில் நம்பவில்லை. பிறகு 120 ரூபாய் வாங்கிக்கொண்டு மறுநாளே தந்தார். திருப்பிய காலரின் நிறம் உடலின் நிறத்தைவிடச் சற்று அழுத்தமாக இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் நான் வாங்கிய சட்டையின் நிறம் அதுதான் என்று அப்போது நினைவு வந்தது. இன்று அதை அணிந்துதான் அலுவலகத்தில் இருக்கிறேன். மற்ற இரண்டையும் கொடுக்கலாமா, அல்லது ஒரு காலருக்கு மேல் செலவு செய்யத் தகாத துணிகளா அவை?

மறுமொழி: கும்பகோணம் தையலகம்

கொடுப்பதற்கு முன் இரண்டிலும் கைப்பட்டையின் விளிம்பையும் முழங்கையையும் வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பட்டை மட்டும் நைந்திருந்தால் முழுக்கையை அரைக்கையாக வெட்டிவிட்டு, வெட்டிய துணியிலேயே புதுக் காலர் வைக்கச் சொல்லலாம்; சனிக்கிழமைகளுக்கு ஆகும். முழங்கையில் வெளிச்சம் தெரிந்தால் துணி முழுவதுமே இளைத்துவிட்டது, அதற்கு மேல் செலவு வேண்டாம். பொத்தான்களை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, துணியை வண்டி துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.